ஒருமுறை மட்டுமே கிடைப்பவை: பொக்கிமோன் றெட், புளூவில் எதைச் சேமிப்பது, எதைச் செலவழிப்பது?

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி யப்பானில் கேம் போய் கருவிக்காக வெளியான பொக்கிமோன் விளையாட்டு, 1998இல் 'றெட்', 'புளூ' என்ற பெயர்களில் அமெரிக்காவுக்குச் சென்றது. இதில் ஓர் ஆட்டத்தை மட்டுமே பதிந்து வைக்கலாம். அரிய பொருளொன்றை வீணாக்கிவிட்டு ஆட்டத்தைப் பதிந்தால், திரும்பிப்போக வழியில்லை.

எலீற் ஃபோர் எனப்படும் நால்வரையும் சம்பியனையும் வென்றதும் கதை முடிந்துவிடுகிறது. ஆட்டம் முடிவதில்லை. செருலியன் குகை அதன் பிறகே திறக்கிறது. அங்கே 70ஆம் மட்டத்தில் மியூட்டூ நிற்கிறது. எனவே பொருட்களைப் பற்றிய தீர்மானத்தை முன்னரே எடுக்கவேண்டும். அதற்கு ஒரு கேள்வி போதும்: இதைக் கடையில் மீண்டும் வாங்கலாமா?

வாங்கக்கூடியவை

அல்ட்ரா போல், ஃபுல் றெஸ்ரோர், றிவைவ் ஆகியவற்றைப் பணமிருந்தால் வாங்கலாம். இவற்றைத் தயங்காமல் பாவியுங்கள்.

வாங்க முடியாதவை

மாஸ்டர் போல் ஒன்றே ஒன்றுதான். சில்ஃப் நிறுவனத்தின் தலைவரை மீட்டதும் அவர் அதைத் தருவார். ஆர்ட்டிகுனோ, சப்டோஸ், மோல்ட்ரெஸ் என்ற மூன்று பறவைகளையும் மியூட்டூவையும் பிடிப்பது ஒரே அளவு கடினம். ஆனால் மியூட்டூ சண்டையின் நடுவே தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும். ஆகவே மாஸ்டர் போலை அதற்கென வைத்திருப்பதே நல்லது. பறவைகளைத் தூங்கவைத்து அல்ட்ரா போல் எறியலாம். நான்கில் எதைத் தோற்கடித்தாலும் அது மீண்டும் வராது. முன்னால் நின்று ஆட்டத்தைப் பதிந்துவிட்டே சண்டையைத் தொடங்குங்கள்.

ரி.எம். ஒவ்வொன்றும் ஒருமுறை கற்பித்தால் தீர்ந்துவிடும். சில்ஃப் கட்டடத்தில் கிடைக்கும் 26ஆம் இலக்க 'ஏர்த்குவேக்', கடைசிவரை உங்களுடன் வரப்போகும் பொக்கிமோனுக்கே போகட்டும். மூன் ஸ்ரோனும் விற்பனைக்கு இல்லை. நான்கு இனங்கள் அதற்குப் போட்டியிடுகின்றன.

றெயார் கன்டி மட்டத்தை உயர்த்தும். ஆனால் சண்டையில் கிடைக்கும் மறைமுகப் பலத்தைத் தராது. மட்டம் உயர உயர அடுத்த மட்டத்துக்கான உழைப்பும் கூடுவதால், அதைப் பிந்திய கட்டத்துக்கு வைத்திருப்பதே இலாபம்.

பையில் இடம்

பை 20 வகைப் பொருட்களையே தாங்கும். ரி.எம்.களும் அதற்குள் அடக்கம். கணினியில் மேலும் 50 வகைகளை வைக்கலாம். இடமில்லையென்று அரியவற்றை எறிந்துவிடாதீர்கள்.

அதிகம் சேர்ப்பதும் இழப்பே

மக்ஸ் எலிக்சர், மக்ஸ் றிவைவ் போன்றவற்றைக் கடைசிவரை தொடாமலே வைத்திருந்து நால்வரிடம் தோற்பவர்கள் பலர். அந்த ஐந்து சண்டைகளுக்கும் இடையில் வைத்தியம் செய்ய நிலையம் கிடையாது. இவை பயன்படவேண்டிய இடமே அதுதான். செருலியன் குகையிலும் இவற்றுள் சில நிலத்தில் கிடக்கும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பதிந்த ஆட்டத்தைக் காப்பது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறிய பற்றரி. அது செத்தால் பதிவும் அழிந்துவிடும். செலவழித்தவரும் சேர்த்து வைத்தவரும் அன்று வெறும் பையுடன்தான் நிற்பார்கள். ஆனால் செலவழித்தவர் மியூட்டூவைப் பிடித்து முடித்திருப்பார்.