கையடக்கமான தீயணைப்பு வண்டிகள்

விளையாட்டுச் சாமான்களைச் சரித்திர ஆதாரமாகக் கொள்ளலாமா என்று நேயர்கள் வினவக்கூடும். உள்ளங்கையில் அடங்கும் சிவப்புத் தீயணைப்பு வண்டி ஒன்றை ஊன்றி நோக்கினால் அவ்வையம் அகலும்.

1904-ஆம் ஆண்டில், லண்டனை அடுத்த ஃபிஞ்ச்லியில் மெர்ரிவெதர் கம்பெனியார் செய்த மோட்டார் வண்டியொன்று பணிக்கு வந்தது. வண்டியை ஓட்டிய பெட்ரோல் எஞ்சினே தண்ணீர்ப் பம்பையும் இயக்கிற்று. குதிரைகளைப் பூட்டுவதிலும் கொதிகலனைச் சூடேற்றுவதிலும் கழிந்த நிமிடங்கள் மிச்சமாயின. 1908-இல் டென்னிஸ் சகோதரர்களும் தங்கள் முதல் தீயணைப்பு வண்டியைப் பிராட்ஃபோர்டு நகருக்கு அளித்தனர்.

வேகம் பெருகியது, ஆனால் ஆசனம் மாறவில்லை. குதிரை வண்டிக் காலத்து வழக்கப்படி, வீரர்கள் வண்டியின் இருபுறமும் வெளிப்பக்கம் நோக்கி அமர்ந்து, ஒரு கம்பியைப் பற்றிக்கொண்டு சென்றனர். தெருத் திருப்பங்களில் தூக்கியெறியப்பட்டு உயிர் துறந்தோரும் உண்டு. அதன் பின்னரே, 1930-களில், உள்ளே அமரும் வண்டிகள் பரவலாயின. செம்மையாகச் செய்யப்பட்ட பழைய வண்டி மாதிரிகளில் அந்தத் திறந்த ஆசனமும் கைப்பிடிக் கம்பியும் இன்றும் காணக் கிடைக்கின்றன.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து அஹ்ரன்ஸ்-ஃபாக்ஸ் வண்டியின் மாதிரியிலோ, முகப்பில் உள்ள வெள்ளி நிறக் கோளமே முதலில் கண்ணைக் கவரும். அஃது அலங்காரமன்று. பிஸ்டன் பம்பிலிருந்து நீர் விட்டுவிட்டுப் பாயும்; கோளத்தினுள் அடைபட்ட காற்று அந்த அதிர்ச்சியைத் தாங்கி, நீரைச் சீராக வெளியேற்றும். குழாய்முனையைப் பிடித்திருப்பவரின் கை நிலைபெற்றது அதனாலேதான்.

உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தி வார்ப்பதே இம்மாதிரிகளின் செய்முறை. 1947-இல் லண்டனில் தோன்றிய லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல், தம் மகளுக்காகப் பித்தளையில் ஒரு சிறு ரோடு ரோலர் செய்தார். தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமான்களை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது அங்கு விதி! அவ்வாறு பிறந்த ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசையில், 1955-இல் டென்னிஸ் தீயணைப்பு வண்டியும் இடம்பெற்றது.

இம்மாதிரிகளுக்கும் அழிவுண்டு. கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச்செல்ல உலோகம் வெடித்துப் பொடியாகும். ஈரமும் வெப்பமும் அதனைத் துரிதப்படுத்தும். 1930-களின் மாதிரிகள் பல இவ்வாறே மடிந்தன. எஞ்சியவற்றைச் சேகரிப்போர் வெறும் பொம்மைகளைக் காக்கவில்லை. பிறர் உயிரைக் காக்க விரைந்த மனிதர், தம் உயிருக்குக் காப்பாக ஒரு கம்பியை மட்டுமே பற்றியிருந்தனர் என்பதற்கான சாட்சியத்தைக் காக்கின்றனர்.