வரிசை எண்

அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றில் ஒருவர் விமானியாகச் சேரும்போது அவருக்கு அளிக்கப்படும் வரிசை எண்தான், அவர் எந்த விமானத்தை ஓட்டுவார், எந்த ஊரில் இருந்து பணி செய்வார், பண்டிகை நாளில் வீட்டிலிருப்பாரா, எப்போது காப்டனாவார், ஆட்குறைப்பு வந்தால் எத்தனையாவது ஆளாக வெளியேறுவார் என்பவற்றையெல்லாம் நிர்ணயிக்கிறது. நிறுவனம் மாறினாலோ அந்த எண் உடன் வருவதில்லை. இருபதாண்டு அனுபவமுள்ள காப்டனும் புதிய இடத்தில் பட்டியலின் அடியிலிருந்து, துணை விமானியின் சம்பளத்தில்தான் பொதுவாக ஆரம்பிக்க வேண்டும்.

பணிமூப்பு முறை எனப்படும் இந்த ஏற்பாடு கொடுமையினின்று தப்புவதற்காகவே தோன்றியது. 1931ஆம் ஆண்டில் டேவிட் பென்கி என்ற விமானி சிகாகோவில் சகாக்களைத் திரட்டிச் சங்கம் கண்டபோது, விமானியின் ஜீவனம் முதலாளியின் பிரியத்தைப் பொறுத்ததாக இருந்தது. அடுத்த ஆண்டே இ. எல். கார்ட் என்பவர் தம்முடைய செஞ்சுரி நிறுவனத்தில் சம்பளத்தைப் பெரிதும் வெட்டியதால் மூண்ட வேலைநிறுத்தம், அதுவரை வீரர்களாகப் போற்றப்பட்ட விமானிகளும் தொழிலாளிகளே என்பதை நாட்டுக்கு உணர்த்தியது. மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாதென 1934இல் தேசியத் தொழிலாளர் வாரியம் அளித்த தீர்ப்பும், பிற்கால ஒப்பந்தங்களில் நிலைபெற்ற பணிமூப்பு முறையும் விமானிக்கு அபயம் அளித்தன. மேலதிகாரியின் தயவுக்காக, பறக்கத் தகாத வானிலையில் பறக்க வேண்டிய நிர்ப்பந்தம் குறைந்ததை நான் மகத்தான நன்மையாகவே கருதுகிறேன்.

1978இல் அரசாங்கம் விமானத் துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் நிலைமை புரண்டது. 1982இல் பிரானிஃப், 1991இல் ஈஸ்டர்ன், பான் ஆம் என்று பழைய நிறுவனங்கள் சாய்ந்தபோது, நரைத்த தலையுடன் பலர் வேறிடங்களில் கடைசி எண்ணைக் கேட்டு நின்றனர். மறுபுறம், பெரிய நிறுவனத்தின் பெயரும் வர்ணமும் தாங்கிச் சிற்றூர்ப் பிரயாணிகளை அதன் மைய நிலையங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பிராந்திய நிறுவனங்கள் பெருகின. பெயர் பெரியவருடையது, சம்பளப் பட்டியலோ வேறு. குறைந்த கூலிக்கு அங்கே சில ஆண்டுகள் உழைத்து மேலே செல்வதே இளைஞர் வழியாயிற்று.

அந்த வழி அடிக்கடி அடைபட்டது. ஓய்வு வயது 2007 டிசம்பரில் 60இலிருந்து 65 ஆக உயர்ந்ததும், மேலிருந்தோர் நகரவில்லை, கீழிருந்தோரும் நகரவில்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே ஒரு பிராந்திய விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர்; விசாரணையில் துணை விமானியின் சொற்பச் சம்பளமும், பணிக்கு வர இரவெல்லாம் நாட்டின் குறுக்கே பயணம் செய்த களைப்பும் வெளிப்பட்டன. அதன்பின் வந்த சட்டத்தால் 2013 முதல், துணை விமானியாகவும் பொதுவாக 1500 மணி நேரப் பறத்தல் தேவையாயிற்று. கடன்பட்டுப் பயின்றவர்கள் சிறு விமானங்களில் மாணவர்க்குக் கற்பித்தே அந்த மணிகளைச் சேர்க்கலாயினர்.

2020இல் நோய்த்தொற்றால் ஆகாயம் வெறிச்சோடியபோது டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற பிராந்திய நிறுவனங்கள் மூடப்பட்டன. ஈராண்டுக்குள் விமானிகளுக்குப் பஞ்சம் வந்து சம்பளம் மளமளவென உயர்ந்தது. பெரிய நிறுவனங்கள் காப்டன்களை அழைத்துக்கொண்டதால், உடன் பறக்கக் காப்டனின்றித் துணை விமானிகள் பலர் போதிய மணிகளைச் சேர்க்க முடியாமல் தவித்தனர். காப்டனாவதற்கு 1000 மணி நேர விமான நிறுவன அனுபவம் வேண்டுமென்பது விதி. பிறகு 2024இல், புதிய போயிங் விமானங்கள் உரிய காலத்தில் வந்து சேராமையால் பெரிய நிறுவனங்கள் சேர்க்கையைக் குறைக்க, பிராந்திய நிறுவனங்கள் பலவும் புதிய துணை விமானிகளை எடுப்பதை நிறுத்தின.

பணிமூப்பு முறை பட்டியலில் உள்ளவரைத்தான் காக்கும்; வாசலில் நிற்பவருக்கு அதில் இடமில்லை. 1500 மணியை முடித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கும் இளைஞர், நாளை இன்னொரு மாணவனை அருகில் அமர்த்தி அதே சிறு விமானத்தைக் கிளப்புகிறார். அவருக்குரிய எண் இன்னும் பிறக்கவில்லை.