வரையாடும் புல்வெளியும்

வால்பாறை மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாட்டைக் கிட்டத்தில் பார்க்கிறவர்கள் கொம்பைத்தான் படம் எடுப்பார்கள். அந்தப் பாதையிலேயே போய்வந்து வளர்ந்த நான் குளம்பைப் பார்க்கச் சொல்வேன். ஓரம் கெட்டி, நடுவில் ரப்பர் போல மெத்தென்று இருக்கும். ஓரம் பாறை விளிம்பில் ஊன்றிக்கொள்ள, நடுப்பகுதி வழுக்காமல் பிடிக்கும். செந்நாய் துரத்தினால் செங்குத்துப் பாறையில் இறங்கிவிடும். மேய்வது புல்வெளியில், உயிர் தப்புவது பாறையில். இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில்தான் அது வாழும்.

துப்பாக்கி வந்தபோது பாறை மட்டும் போதவில்லை. 1820களில் ஊட்டியில் குடியேறத் தொடங்கிய வெள்ளைக்காரர்கள் இதை 'ஐபெக்ஸ்' என்று அழைத்தார்கள், விரும்பிச் சுட்டார்கள். வயதான கிடாக்களுக்கு முதுகில் சேணம் போட்டாற்போல வெள்ளிநிறம் ஏறும். அவைதான் முதல் குறி. விலங்குகள் குறைவதைக் கண்டு வேட்டைக்காரர்களே 1877இல் சங்கம் வைத்தார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை தொடர வேண்டும் என்பதற்காக வந்த சட்டம்தான், ஆனாலும் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

மூணாறுப் பக்கம் இரவிகுளத்தில் தேயிலைக் கம்பெனி அதிகாரிகள் தங்கள் வேட்டைக்காக மேட்டுநிலத்தைக் காத்தார்கள். காவலுக்கு இருந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். காய்ந்த புல்லைப் பகுதி பகுதியாகக் கொளுத்தித் தளிர் வரச் செய்யும் பழக்கம் அங்கே இருந்தது. 1971இல் கேரள அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. குட்டி போடும் காலத்தில் இன்றும் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள்.

என் ஆற்றாமையெல்லாம் மரத்தைப் பற்றியது. சோலைகளுக்கு நடுவே மரமில்லாமல் கிடந்த புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்துவிட்டார்கள். தோல் பதனிட உதவும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரத்தையும், விறகுக்கும் மரக்கூழுக்கும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் மலை மலையாக நட்டார்கள். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு நீலகிரியிலிருந்து மரம் இறங்கியது. புல்லுக்கு வெயில் வேண்டும். சீகை மூடிய சரிவில் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை. பதுங்கி வரும் சிறுத்தையைத் தூரத்திலேயே கண்டுகொள்ளவும் வழியில்லை. மந்தைகள் ஒன்றையொன்று சேர முடியாமல் தனித்தனித் தீவுகளாயின.

வரையாடு மற்ற மலையாடுகளைப் போல அல்ல. இமயத்துத் தார் ஆட்டுக்கு நான்கு முலைக்காம்பு, வரையாட்டுக்கு இரண்டுதான். உறவில் செம்மறிக்கே நெருக்கம் என்று 2005இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது. 1975இல் ஈ.ஆர்.சி. டேவிதார் மலை மலையாக அலைந்து எடுத்த கணக்கில் ஏறக்குறைய 2,200 இருந்தன. 2015இல் வெளியான ஓர் அறிக்கை 3,122 என்றது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 1,303. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமாயிற்று. 2023இல் தமிழக அரசின் நீலகிரி வரையாடு திட்டம் தொடங்கியது.

அந்தத் திட்டத்தில் புல்வெளி மீட்பும் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் சீகையை ஒருமுறை வெட்டினால் தீராது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கீரைப்பாத்தி போலக் கன்று கிளம்பும். மரம் வெட்டும் செலவோடு, வருடா வருடம் போய்க் கன்று பிடுங்கும் ஆட்களின் கூலியையும் இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும்.