நெகற்றிவ் யாரிடம் இருக்கிறது?

பழைய பிலிம் கமராக்கள் திரும்பவும் எங்கள் கழுத்தில் தொங்கத் தொடங்கிவிட்டன. பென்ரக்ஸ் கே1000, கனொன் ஏஇ-1, யாஷிகா, மினோல்ரா என்று தேடித் தேடி வாங்குகிறோம். மௌன்ற் ரோயல் மலையிலும் பார்க் எக்ஸ்ரென்ஷன் தெருக்களிலும் ஒரு ரோலின் 36 படங்களையும் எண்ணி எண்ணி எடுக்கிறோம். பிறகு பிலிமைக் கழுவக் கொடுக்கிறோம். ஸ்கான் செய்த படங்கள் மின்னஞ்சலில் வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

கழுவிய பிலிம் என்ன ஆனது? பலர் அதை எடுக்க மீண்டும் கடைக்குப் போவதே இல்லை. பல லாப்கள் சில காலம் வைத்திருந்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடுகின்றன.

படம் எடுக்கும் கலைக்கு 180 வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் எந்தப் படங்கள் தப்பின, எவை அழிந்தன என்று பார்த்தால், கமரா எவ்வளவு நல்லது என்பது பெரிய காரணமாகத் தெரிவதில்லை. நெகற்றிவ் யாரிடம் இருந்தது, அதோடு பெயர் எழுதியிருந்ததா என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியமாகத் தெரிகின்றன. இதற்கு நல்ல உதாரணம் எங்கள் மொன்றியல் நகரத்திலேயே இருக்கிறது.

புளூரி வீதியின் பதிவேடுகள்

வில்லியம் நொட்மன் 1826இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் பிறந்தவர். குடும்பத்தின் துணி வியாபாரம் கடனிலும் மோசடி வழக்கிலும் மாட்டியதால், 1856இல் கடல் கடந்து மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். ஊரில் பொழுதுபோக்காகப் பழகிய படக்கலையை இங்கே தொழிலாக்கி, புளூரி வீதியில் ஸ்ரூடியோ திறந்தார்.

அந்தக் காலத்துக் கமரா என்பது முக்காலியில் நிற்கும் மரப்பெட்டி. பிலிம் கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை. மொன்றியல் பனிக்காலத்தில் இதை வெளியே செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் நொட்மன் பனியை ஸ்ரூடியோவுக்குள் கொண்டுவந்தார். தரையில் உப்பைத் தூவினார். பனி விழுவது போலத் தெரிய நெகற்றிவ் மேல் வெள்ளை மையைத் தெளித்தார்.

சென்ற் லோரன்ஸ் நதிக்குக் குறுக்கே விக்ரோரியா பாலம் கட்டப்பட்டதை 1858 முதல் படமெடுத்தவர் இவர்தான். 1870இல் நடந்த ஸ்கேற்றிங் விழாவை ஒரே படத்தில் காட்ட விரும்பியபோது, சுமார் 300 பேரை ஒவ்வொருவராக ஸ்ரூடியோவில் படமெடுத்து, வெட்டி, வரைந்த பின்னணியில் ஒட்டினார். போட்டோஷொப் வருவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முந்திய வேலை அது.

ஆனால் நொட்மனின் உண்மையான பலம் அவருடைய கணக்கு வேலையில் இருந்தது. ஒவ்வொரு நெகற்றிவுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அதில் எடுத்த ஒரு பிரதியை எண் வரிசைப்படி பெரிய புத்தகத்தில் ஒட்டி, கீழே பெயர் எழுதினார்கள். பெயரைத் தேடி எண்ணைக் கண்டுபிடிக்கத் தனிப் பதிவேடும் வைத்தார்கள். இதற்குக் காரணம் வரலாற்றின் மேலிருந்த பற்று என்று நினைக்க வேண்டாம், வியாபாரம்தான். வாடிக்கையாளர் ஐந்து வருடம் கழித்து வந்து இன்னும் ஆறு பிரதி கேட்டால், உடனே நெகற்றிவை எடுத்து அச்சிட்டுக் காசு வாங்க வேண்டும். அதனால் நெகற்றிவ் எப்போதும் ஸ்ரூடியோவின் சொத்தாகவே இருந்தது.

நொட்மன் 1891இல் இறந்தார். பிள்ளைகள் தொழிலை நடத்தினார்கள். 1935இல் மொன்றியலின் அசோசியேற்றட் ஸ்கிரீன் நியூஸ் நிறுவனம் ஸ்ரூடியோவை வாங்கியது. 1956இல் மக்லீன்ஸ் பத்திரிகை உட்படச் சிலரின் உதவியோடு எல்லாம் மக்கில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று சுமார் 450,000 படங்கள் ஷேர்புறூக் வீதியில், மக்கில் வாசலுக்கு எதிரே உள்ள மக்கோர்ட் ஸ்ருவர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1885இல் மொன்றியல் வந்த லக்கோட்டாத் தலைவர் சிற்றிங் புல் அந்த ஸ்ரூடியோவில் நின்ற படத்தை இன்று நீங்கள் போனில் பார்க்கலாம்.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. பணக்கார வீட்டு வேலைக்காரப் பெண்கள் குழந்தையோடு எடுத்த படங்கள் சில, வீட்டு எசமானியின் பெயரில் பதிவாகியிருக்கின்றன: இன்னாருடைய தாதி என்று மட்டும். படத்துக்குக் காசு கொடுத்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. படத்தில் இருந்தவரின் பெயர் ஏறவில்லை. முகம் 150 வருடமாகத் தெளிவாக இருக்கிறது, அது யார் என்று சொல்ல வழியில்லை.

பெயர் இல்லாத தமிழர்

இப்போது அதே காலத்து இலங்கைக்குப் போவோம். கொழும்பில் ஸ்கீன், பிளாற்றே போன்ற வெள்ளைக்காரர் ஸ்ரூடியோக்கள் நடந்தன. பிளாற்றே 1890இல் தொடங்கியது. அவர்கள் விற்ற படங்களிலும் தபால் அட்டைகளிலும் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தலைப்புகளோ தமிழ்ப் பெண், தமிழ்க் கூலிகள் என்ற மாதிரித்தான் இருக்கும். கப்பலில் வந்துபோன பயணிகள் நினைவுக்கு வாங்கிப் போகும் பொருள் அது. வாங்குகிறவருக்குப் பெயர் தேவைப்படவில்லை, அதனால் எழுதவும் இல்லை. இணைய ஏலங்களில் பழைய கமராவோடு சேர்த்து இந்த அட்டைகளும் இன்று விற்பனைக்கு வருகின்றன. அதில் நிற்கும் பெண் யாரோ ஒருவருடைய பூட்டி. அவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அதே படத்தைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாது.

பெயரும் புகழும் இருந்தும் நெகற்றிவ் போன கதையும் இலங்கையில் உண்டு. லயனல் வென்ற் 1900இல் பிறந்தவர், 1944இல் இறந்தவர். ரோலைஃபிளெக்ஸ், லைக்கா கமராக்களால் இலங்கையைப் படமெடுத்து, லண்டனில் 1938இல் தனிக் கண்காட்சி வைத்த பெரிய கலைஞர். அவர் இறந்த பிறகு அவருடைய நெகற்றிவ்கள் மிஞ்சவில்லை. இன்று நாங்கள் பார்க்கும் படங்கள் எஞ்சிய அச்சுப் பிரதிகளிலிருந்து வந்தவை.

தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் ஸ்ரூடியோக்கள் இருந்தன. நொட்மன் போலவே அவர்களும் நெகற்றிவைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். பிலிமில் வெள்ளி இருக்கிறது. கடை மூடும்போது பழைய நெகற்றிவ்களை வெள்ளி பிரிப்பவர்களிடம் விற்றுவிடலாம், கண்ணாடித் தகடுகளைச் சுரண்டி வேறு எதற்கும் பயன்படுத்தலாம். இப்படிப் போனவற்றுக்குக் கணக்கு இல்லை. மிஞ்சியதைக் காப்பாற்றுவதற்காகப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள், 1880 முதல் 1980 வரையான ஸ்ரூடியோப் படங்களைத் தேடி டிஜிற்றலாக்கினார்கள்.

பிலிமே தமிழ்நாட்டில் உற்பத்தியானது என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்திய அரசு 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. குளிரும் தூசி குறைந்த காற்றும் பிலிம் பூசும் வேலைக்குத் தேவை, அதனால் மலை மேல் தொழிற்சாலை. 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. பிலிமின் பெயர் ‘இந்து’. சந்திரன் என்று பொருள். பல வருடங்களுக்குப் பிறகு நட்டத்தில் அதுவும் மூடப்பட்டது. அந்தப் பெயர் போட்ட பழைய பிலிம் பெட்டிகளை இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

நெகற்றிவ் வீட்டுக்கு வந்தது

நெகற்றிவை ஸ்ரூடியோவிடமிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது கொடாக். 1888இல் வந்த முதல் கொடாக் கமராவின் விலை 25 டொலர். உள்ளே 100 படத்துக்கான பிலிம் இருக்கும். எடுத்து முடித்ததும் கமராவையே கம்பனிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கழுவி, அச்சிட்டு, புதுப் பிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் பிரவுனி என்ற பெட்டிக் கமரா ஒரு டொலருக்கு வந்தது. குழந்தைகள்கூடப் படமெடுக்கத் தொடங்கினார்கள். கனடாவின் கொடாக் நிறுவனம் 1899இல் ரொறன்ரோவில் தொடங்கி 2005இல் தொழிற்சாலையை மூடும்வரை இந்த நாட்டுக்குப் பிலிம் கொடுத்தது.

நெகற்றிவ் குடும்பத்தின் கைக்கு வந்தது நல்ல விடயம்தான். ஆனால் நொட்மனின் பதிவேடு கூட வரவில்லை. எண் இல்லை, பெயர் இல்லை, ஒரு கவரும் ஒரு சப்பாத்துப் பெட்டியும் மட்டும்.

எங்கள் குடும்பங்களின் கதை இங்கேதான் வருகிறது. 1983 யூலைக்குப் பிறகும், 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோதும், ஆல்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம். கையில் வந்த படங்கள் அனேகமாக ஸ்ரூடியோவில் எடுத்த அச்சுப் பிரதிகள்: கலியாணப் படம், சாமத்தியப் படம், அடையாள அட்டைப் படம். சிலவற்றின் பின்பக்கம் ஸ்ரூடியோவின் முத்திரை இருக்கும். நெகற்றிவ் அந்த ஸ்ரூடியோவில் இருந்தது. ஸ்ரூடியோ போனால் அதுவும் போயிற்று. அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஒரு பிரதிதான் மூலம்.

மொன்றியலில் எடுத்த படங்களின் நிலைமை இதற்கு நேர் எதிர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்தவர்கள் வாங்கிய முதல் சாமான்களில் ஒன்று சின்னக் கமரா. மருந்துக்கடையில் பிலிமைக் கொடுத்தால் படங்களோடு, நாலு நாலாக வெட்டிய நெகற்றிவ் துண்டுகளும் கவரில் வரும். நல்ல படங்களை ஊருக்குத் தபாலில் அனுப்பினார்கள்: முதல் பனியில் நின்ற படம், கோட் டெ நேஜ் அப்பார்ட்மென்ற் பல்கனி, பிள்ளையின் முதல் பிறந்தநாள். ஊரில் அந்தப் படங்கள் இடப்பெயர்வுகளில் தொலைந்தன. கவரில் இருந்த நெகற்றிவ் இங்கேயே இருந்துவிட்டது. தொலைந்த படத்தைத் திரும்ப அச்சிடக்கூடிய ஒரே பொருள் உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கலாம்.

கமரா திரும்பக் கிடைக்கும்

கமரா சேர்ப்பது நல்ல பழக்கம். இயந்திரத்தைப் புரிந்துகொண்டு சேர்த்தால் இன்னும் நல்லது. கே1000இல் பற்றரி ஒளிமானிக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். ஏஇ-1இல் பற்றரி இல்லாவிட்டால் ஷட்டரே அசையாது. கனடாவிலேயே செய்த லைக்காவும் உண்டு. ஜெர்மனியின் லைற்ஸ் நிறுவனம் 1952இல் ஒன்ராறியோவின் மிட்லண்டில் தொழிற்சாலை தொடங்கியது. லைக்கா எம்5 சரியாக விற்காமல், எம் வரிசையையே கைவிடும் நிலை வந்தபோது, எழுபதுகளின் கடைசியில் எம்4-2 கமராவைச் செய்து அந்த வரிசையைக் காப்பாற்றியது மிட்லண்ட்தான்.

காசு இருந்தால் எம்4-2ஐ நாளைக்கும் வாங்கலாம், அதில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். உங்கள் அம்மம்மா இந்த நாட்டில் இறங்கிய வருடத்து நெகற்றிவில் ஒன்றுதான் இருக்கிறது.

எனவே மூன்று வேலைகள். முதலாவது, லாப்பில் பிலிமைக் கொடுக்கும்போதே நெகற்றிவ் திரும்ப வேண்டும் என்று சொல்லி, மறக்காமல் போய் எடுங்கள். இரண்டாவது, பழைய கவர்களைத் தேடியெடுத்து, துண்டுகளை விரல் படாமல் ஓரத்தில் பிடித்து, நெகற்றிவுக்கென்றே விற்கும் உறைகளில் போட்டு, வெப்பமும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். நிலவறையின் ஈரம் பிலிமுக்கு எதிரி. மூன்றாவது, நொட்மன் செய்ததைச் செய்யுங்கள்: ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு எண், ஒரு கொப்பியில் அந்த எண், திகதி, இடம், படத்தில் இருக்கும் எல்லாருடைய பெயரும். ஓரத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கும் பக்கத்து வீட்டு மாமியின் பெயரையும் விடாதீர்கள்.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், மூன்றாவதை. கலர் நெகற்றிவின் சாயம் மங்க இன்னும் சில வருடங்கள் எடுக்கும், ஸ்கான் செய்யும் வேலையைப் பிறகும் பார்க்கலாம். ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை கவரோடும் கொப்பியோடும் அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.