பொய் கண்டுபிடிக்கும் எந்திரம் யாருடைய பயத்தை அளக்கிறது?

சமீபத்தில் ஒரு கண்டன ஆர்ப்பாட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவர் பிடித்திருந்த அட்டையில் இப்படி எழுதியிருந்தது: ‘சாதி வெறியர்களுக்கு நார்கோ சோதனை நடத்து!’ கோபம் நியாயமானது. கோரிக்கைதான் உறுத்தியது. கூட்டம் முடிந்து டீக்கடையில் அவரிடம் அரை மணி நேரம் பேசினேன். அவரைப் போலவே கேட்கும் தோழர்கள் நிறைய இருப்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஹத்ராஸ். 2020 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தில் 19 வயது தலித் பெண் தாக்கப்பட்டு, இரண்டு வாரம் கழித்து இறந்தார். குடும்பத்தைப் பூட்டிவைத்துவிட்டு நள்ளிரவு தாண்டி போலீசே உடலை எரித்தது. நாடு கொந்தளித்தது. அக்டோபர் 2ஆம் தேதி மாநில அரசு ஒரு முடிவை அறிவித்தது: குற்றம் சாட்டப்பட்டவர்கள், போலீசார், அவர்களோடு சேர்த்துப் பெண்ணின் குடும்பத்தார், எல்லோருக்கும் பாலிகிராப், நார்கோ சோதனை. மகளைப் பறிகொடுத்தவர்கள் பொய் சொல்கிறார்களா என்று பார்க்க எந்திரம்! குடும்பம் மறுத்துவிட்டது.

நாம் குற்றவாளிக்குக் கேட்கும் ஊசி எவ்வளவு சீக்கிரம் நம் கைக்குத் திரும்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இந்த எந்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், இது தற்செயல் இல்லை என்பதும் புரியும்.

நீதிமன்றத்துக்கும் மனித மனத்துக்கும் உள்ள உறவை ஆராயும் துறையைத் தடயவியல் உளவியல் என்கிறோம். சாட்சியின் நினைவை எவ்வளவு நம்பலாம், ஒருவர் ஏன் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலை விசாரணையைத் தாங்குமா என்று அதற்குப் பல கிளைகள். ஜெர்மனியில் வுண்ட்டிடம் படித்து ஹார்வர்டுக்குப் போன ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க், 1908இல் ‘ஆன் தி விட்னஸ் ஸ்டாண்ட்’ என்ற நூலை வெளியிட்டார். நீதிபதிகள் உளவியலாளர் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே ஜான் விக்மோர் என்ற சட்ட அறிஞர், மூன்ஸ்டர்பெர்க் மீதே வழக்குப் போட்டதுபோல ஒரு கற்பனை விசாரணை எழுதிக் கிழித்துத் தொங்கவிட்டார். கேட்க வேண்டிய அறிவியல் எங்கே, காட்டு என்பதுதான் அவர் கேள்வி.

மூன்ஸ்டர்பெர்க்கின் மாணவர் வில்லியம் மார்ஸ்டன். பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் ஏறும், அதை அளந்தால் பொய்யைப் பிடித்துவிடலாம் என்று நம்பியவர். (1941இல் ‘வொண்டர் வுமன்’ பாத்திரத்தை உருவாக்கியவரும் இவரேதான். கட்டினால் உண்மை பேசவைக்கும் அந்தக் கயிறு யாருடைய ஆசை என்று இப்போது தெரிகிறதா?)

1920 நவம்பரில் வாஷிங்டனில் ராபர்ட் பிரவுன் என்ற கறுப்பின மருத்துவர் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஒரு கொள்ளை வழக்கில் சிக்கிய ஜேம்ஸ் ஃப்ரை என்ற கறுப்பின இளைஞர் அந்தக் கொலையையும் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார். பிறகு மறுத்தார். ஒப்புக்கொண்டால் பரிசுப் பணத்தில் பங்கு தருவதாகத் துப்பறிவாளர் ஆசை காட்டினார் என்றார். 1922இல் மார்ஸ்டன் சிறைக்கே போய் அவரைச் சோதித்து, ‘இவர் சொல்வது உண்மை’ என்றார். நீதிமன்றம் அதைக் கேட்கவே மறுத்தது. இரண்டாம் நிலைக் கொலைக்குத் தண்டனை. 1923 டிசம்பரில் மேல்முறையீடும் தோற்றது. அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முறையாக இருந்தால்தான் நிபுணர் சாட்சியத்தை அனுமதிக்கலாம் என்றது தீர்ப்பு. பல பத்தாண்டுகள் அமெரிக்க நீதிமன்றங்களை ஆண்ட விதி அது.

அளவுகோல் சரியானதுதான். எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சிறிய தீர்ப்பில், ஒரு கறுப்பின இளைஞர் முதலில் ஏன் ஒப்புக்கொண்டார் என்ற கேள்விக்கு இடமே இல்லை. எந்திரம் செல்லுமா செல்லாதா என்பதே முழு வழக்கும். அந்த மனிதர் 1939 வரை சிறையில் இருந்தார். ‘ஜெய்பீம்’ பார்த்தவர்களுக்கு வாக்குமூலம் எப்படி வாங்கப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீதிமன்றம் தள்ளிய கருவியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த பாலிகிராப் ரத்த அழுத்தத்தோடு மூச்சு, நாடி, தோலின் வியர்வை எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. இதில் எதுவுமே பொய் அல்ல. எல்லாம் பதற்றத்தின் அடையாளங்கள். பொய் சொல்பவருக்கும் பதறும், பயந்தவருக்கும் பதறும். இப்போது யோசியுங்கள்: ஸ்டேஷன் வாசலை மிதித்ததும் யாருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்? இன்ஸ்பெக்டரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிக்கும் ஊர்ப் பெரிய மனிதருக்கா, செருப்பை வெளியே கழற்றிவிட்டு நிற்கப் பழக்கப்பட்ட நம் பெரியப்பாவுக்கா?

நார்கோவின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். டெக்சாஸில் ராபர்ட் ஹவுஸ் என்று ஒரு பிரசவ மருத்துவர். 1916இல் ஒரு பிரசவத்தின்போது குழந்தையை எடைபோடத் தராசு தேடினார்கள். கணவருக்குக் கிடைக்கவில்லை. ஸ்கோபலமின் மருந்தில் மயங்கிக் கிடந்த மனைவி, அது எங்கே மாட்டியிருக்கிறது என்று தெளிவாகச் சொன்னார். ஹவுஸுக்குப் பொறி தட்டியது: மயக்கத்தில் இருப்பவர் பொய் சொல்ல முடியாது. 1922இல் டல்லாஸ் சிறைக் கைதிகளிடம் பரிசோதித்தார். நிரபராதிகளைக் காப்பாற்றுவதே அவர் நோக்கமாக இருந்தது. ஆனால் மயக்கத்தில் நினைவும் கற்பனையும் கலந்துவிடும், கேட்பவர் எடுத்துக்கொடுப்பதை அப்படியே திருப்பிச் சொல்லும் நிலையும் வரும். நல்ல எண்ணம் ரசாயனத்தை மாற்றாது.

இந்தியாவில் 2000க்குப் பிறகு நார்கோ பரபரப்பானது. பெங்களூர் ஆய்வகத்தில் எடுத்த காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடின. 2010 மே 5ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராப், மூளை வரைபடச் சோதனைகள் நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கும் 20(3), உயிர்வாழ்வையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21 ஆகிய பிரிவுகளே அடிப்படை.

அந்த வழக்கின் பின்னணி தெரியுமா? மகள் சாதி மாறித் திருமணம் செய்தார், மருமகன் கொல்லப்பட்டார், தாயின் மீது சந்தேகம். அதாவது, ஒரு சாதி ஆணவக்கொலை வழக்கில் சந்தேகிக்கப்பட்டவரின் பெயரில்தான் இந்த உரிமை நிலைநாட்டப்பட்டது. இதைச் சொன்னதும் தம்பியின் முகம் சுருங்கியது. எனக்கும் இது கசப்புதான். ஆனால் அவருக்கு இல்லாத உரிமை, நாளை திருட்டு வழக்கில் அள்ளிக்கொண்டு போகப்படும் ஓர் இருளர் இளைஞருக்கு எங்கிருந்து வரும்?

சோதனை நடந்தால் நீதி வந்துவிடுமா என்று கேட்டார். ஹத்ராஸில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரையும் சி.பி.ஐ. காந்திநகருக்குக் கூட்டிப்போய் சோதித்தது. 2023 மார்ச்சில் ஒருவருக்கு மட்டும், அதுவும் கொலைக் குற்றத்துக்கோ வன்புணர்வுக்கோ அல்லாத பிரிவில், தண்டனை. மூவர் விடுதலை. அங்கே தேவைப்பட்டது மூளைக்குள் எட்டிப்பார்க்கும் கருவி அல்ல. உடனடி மருத்துவப் பரிசோதனை, ஒழுங்கான எஃப்.ஐ.ஆர்., எரிக்கப்படாத ஓர் உடல்.

உளவியல் நீதிமன்றத்துக்கே வரக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 1951இல் தென் கரோலினாவில் கென்னத் கிளார்க் 16 கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டினார். 11 பேர் கறுப்புப் பொம்மையை ‘கெட்டது’ என்றார்கள். அவரும் மேமி கிளார்க்கும் செய்த ஆய்வுகள், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்பின் அடிக்குறிப்பு வரை போயின. அங்கே அவர்கள் யாருடைய பொய்யையும் தேடவில்லை. ஒதுக்கிவைப்பது பிஞ்சு மனத்தை என்ன செய்கிறது என்று சாட்சி சொன்னார்கள். தனிப் பானை, தனி வரிசை வைக்கும் பள்ளிகளைப் பற்றி நம் வழக்கறிஞர்கள் இப்படி ஒரு நிபுணரைக் கூண்டில் ஏற்றினால் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

தம்பி கடைசியாகக் கேட்டது: ‘அண்ணே, சம்மதம் கொடுத்தா?’ சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்ய வேண்டும், வழக்கறிஞர் துணை இருக்க வேண்டும், மறுக்கலாம் என்று சொல்லப்பட வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் பாலிகிராப்புக்கு வகுத்த இந்த விதிகளைத்தான் செல்வி தீர்ப்பும் வலியுறுத்தியது. சோதனையில் சொன்னதை மட்டும் வைத்துத் தண்டிக்கவும் முடியாது. உங்கள் தெருவில் யாரையாவது விசாரணைக்கு அழைத்துப்போய் ஒரு தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை இவைதான். செல்போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.