கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் சமிக்ஞைப் புரதங்கள்

மூளையுறைகளைத் தாக்கி உயிர்போக்கும் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ். மண், மக்கிய மரம், புறா எச்சம் ஆகியவற்றில் வாழும் இது மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் புகுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் இரத்தத்தின் வழியே மூளையை எட்டுகிறது. காலரா, தொண்டை அடைப்பான் கிருமிகளைப் போல் இது நஞ்சு சுரந்து கொல்வதில்லை. மண்ணை விட்டு மனித உடலுக்குள் வந்துவிட்டதை உணர்ந்து, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதிலேயே இதன் வீரியம் இருக்கிறது. அந்த உணர்வைச் செல்லின் மேற்புறத்திலிருந்து மரபணுக்கள் வரை கொண்டுசெல்பவை சமிக்ஞைப் புரதங்கள்.

தமிழகத்தில் இந்நோயின் வரலாறு தாம்பரம் சானடோரியத்தோடு பிணைந்தது. பச்சைமலை அடிவாரத்தில் ரயில் பாதையை ஒட்டி அமைந்த இந்தக் காசநோய் மருத்துவமனையை 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கினார். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் நோய் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்யும் எச்.ஐ.வி. கிருமியின் தொற்றுகளை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தனர். 1990களில் வேறெங்கும் இடம் கிடைக்காத எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சானடோரியமே புகலிடமாயிற்று. விடாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவற்றோடு வந்தவர்களின் தண்டுவட நீரில் ஒரு சொட்டு எடுத்து, இந்தியன் இங்க் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், கறுத்த பின்னணியில் நிலவைச் சுற்றிய ஊர்கோள் போன்ற வெள்ளை வளையத்துடன் பூஞ்சை தெரியும். அந்த வளையம்தான் பூஞ்சையின் சர்க்கரைப் பொருளாலான உறை. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு அரசின் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் எட்டு மையங்களுள் தாம்பரமும் ஒன்று.

இப்பூஞ்சையை 1894இல் இத்தாலியின் சான்ஃபெலீசே பீச் பழச்சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். அதே காலத்தில் ஜெர்மனியின் புஸ்ஸே, ஓர் இளம்பெண்ணின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புப் புண்ணில் இதைக் கண்டார். புஷ்கேயும் அதே நோயாளியைப் பற்றி எழுதினார். கிரிப்டோகாக்கஸ் என்ற பேரினத்தில் இதைச் சேர்த்தவர் வுய்யமென் (1901). 1916இல் ஸ்டாடர்ட், கட்லர் இருவரும் செல்லைச் சுற்றிய வெற்றிடத்தைக் கண்டு, பூஞ்சை திசுவைக் கரைத்துவிட்டதாக எண்ணினர். அது கரைந்த திசு அன்று, உறையே. எம்மன்ஸ் இதை 1951இல் மண்ணிலும் 1955இல் புறா எச்சத்திலும் கண்டார். பேயெள்ளுச் சாறு கலந்த வளர்ப்பூடகத்தில் இது பழுப்பு நிறம் கொள்வதை 1962இல் ஸ்டைப் காட்டினார். இன்றும் ஆய்வகங்கள் இதை அடையாளம் காண அந்த முறையைப் பயன்படுத்துகின்றன. பாலினப் பெருக்க நிலையை 1975இல் குவான்-சுங் விவரித்தார். உறையின் வேதிப்பண்பை வைத்து ஏ, பி, சி, டி எனப் பிரித்த வகைகளுள் பி, சி இரண்டும் 2002இல் கிரிப்டோகாக்கஸ் கட்டியை என்ற தனி இனமாயின. ஆக அன்று இனங்கள் இரண்டாயின. இரண்டாவது இனம் தைலமரத்தோடு சேர்ந்து வாழ்வது ஆஸ்திரேலியாவில் 1990இலும், இந்தியாவில் பஞ்சாபின் தைலமரங்களில் 1997இலும் அறியப்பட்டது.

உறை, மெலனின் நிறமி, 37 பாகை வெப்பத்தில் வளரும் திறன் ஆகிய மூன்றும் வீரியத்தின் அடிப்படை. உறை வெள்ளையணுக்கள் பூஞ்சையை விழுங்காமல் தடுக்கிறது. மெலனின் வெள்ளையணுக்கள் உமிழும் ஆக்சிஜனேற்றிகளைத் தாங்க உதவுகிறது. மூளையில் மிகுந்துள்ள டோபமின் போன்ற பொருள்களிலிருந்தே பூஞ்சை அதை உருவாக்கிக்கொள்ளும். முதலிரண்டையும் ஆள்வது ஜிபிஏ1 என்ற ஜி-புரதம். இது சிஏசி1 நொதியைத் தூண்ட, சுழல் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு செல்லுக்குள் பெருகுகிறது. அது பிகேஆர்1 புரதத்தைப் பற்றியதும், அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த பிகேஏ1 கைனேஸ் விடுபட்டு உறைக்கும் மெலனினுக்கும் உரிய மரபணுக்களை முடுக்குகிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஆல்ஸ்பா, பெர்ஃபெக்ட், ஹைட்மேன் ஆகியோர் 1997இல் ஜிபிஏ1 மரபணுவை நீக்கியபோது பூஞ்சை உறையும் நிறமியும் இழந்தது; வெளியிலிருந்து சுழல் ஏ.எம்.பி. கொடுத்ததும் இரண்டும் திரும்பின. இந்தச் சமிக்ஞைச் சங்கிலிக்கு உறுதியான சான்று 2001இல் வந்தது. பிகேஏ1 இல்லாத பூஞ்சை சோதனை விலங்குகளில் நோய் உண்டாக்கவில்லை. அதை அடக்கும் பிகேஆர்1 இல்லாத பூஞ்சையோ உறை பருத்து, இயல்பானதைவிடக் கொடியதாயிற்று. ஆனால் இது ஏ வகைக்கே பொருந்தும். டி வகையில் அந்த வேலையைச் செய்வது பிகேஏ2. இவ்வளவு நெருங்கிய வகைகளுக்கிடையே இப்படிப் பொறுப்பு கைமாறியிருப்பது வியப்புக்குரியது.

மூன்றாம் திறனைக் காப்பது கால்சிநியூரின். கால்சியம் பெருகும்போது விழிக்கும் இந்தப் பாஸ்ஃபேட்டேஸ் இல்லாத பூஞ்சை 24 பாகையில் நன்றாகவே வளரும். 37 பாகையிலோ, 5 விழுக்காடு கரியமில வாயுவிலோ, காரச் சூழலிலோ வளராது. மூன்றும் மனித உடலின் நிலைமைகளே. இவ்வேற்பாடு மனிதரைத் தாக்கவென்று உருவாகாமல் இருக்கலாம். மண்ணில் தன்னை விழுங்க வரும் அமீபாவிடமிருந்து தப்பவே வளர்ந்தது என்பது ஒரு கருதுகோள்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் உட்கொள்ளும் டேக்ரோலிமஸ் மருந்து கால்சிநியூரினை முடக்கி, ஆய்வகத்தில் 37 பாகையில் இப்பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்துகிறது. ஆயினும் அதே புரதம் நம் டி-செல்களிலும் இருப்பதால் எதிர்ப்பாற்றலும் சேர்ந்து குன்றுகிறது. பூஞ்சையை மட்டும் தொடும் மாற்றுருவங்கள் ஆய்வில் உள்ளன. நோயாளிகளுக்குத் தரப்படுபவை ஆம்ஃபோடெரிசின், ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் ஆகியவையே. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இப்பூஞ்சையை மிக முக்கிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது.