விருந்தினரும் நிலத்தாரும்: குயின்ஸ்லாந்துச் சுற்றுலாவின் வரலாறு

ஒரு நிலத்தைக் காண வருவோர் அந்நிலத்தாரின் விருந்தினர் ஆவர். வீட்டுக்குரியவரைக் கேளாமல் அவர்தம் பண்டத்தை எடுப்போரை விருந்தினர் என்றல் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் வெப்பக் கடற்கரை மாநிலமாக விளங்கும் குயின்ஸ்லாந்தில் சுற்றுலாவும் தொல்குடியும் கொண்ட உறவை இவ்வெளிய முறைமையைக் கொண்டே அளந்து காணலாம்.

1770 ஜூன் 11ஆம் நாள் ஜேம்ஸ் குக்கின் 'எண்டவர்' கப்பல் பவளத்திட்டில் மோதியது. பழுது பார்ப்பதற்காக ஓர் ஆற்றுமுகத்தில் அதனைக் கரையேற்றி ஏறத்தாழ ஏழு வாரங்கள் தங்கினர். இன்றைய குக்டவுன் நகரம் அமைந்துள்ள அவ்விடம் கூகு இமிதிர் மக்களின் நிலம். 'கூகு' என்பது பேச்சு. 'இமி' என்பது 'இது' எனப் பொருள்படும் சுட்டு. 'இமி' என்னும் சொல்லை உடைய பேச்சு என மொழிக்கு அமைந்த பெயரே மக்களுக்கும் ஆயிற்று.

கப்பலுக்கு வந்த அம்மக்கள், தம் கடலில் பிடிக்கப்பட்ட ஆமைகள் பல தளத்தில் கிடக்கக் கண்டு, ஒன்றையேனும் தருமாறு கேட்டனர். மாலுமிகள் மறுத்தனர். சினந்து கரை திரும்பியவர்கள் கூடாரங்களைச் சூழ்ந்த புல்லுக்குத் தீயிட்டனர். குக் சுட்டதில் ஒருவர் காயமுற்றார். பின்னர் முதியவர் ஒருவர் முனையற்ற ஈட்டியுடன் வந்து அமைதி செய்தார். நிலத்தாரின் பங்கு யாது என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

அப்பயணத்தில் ஒரு சொல்லும் கப்பலேறியது. 'கங்குரு' என அவர்கள் சொன்னதே 'கங்காரு' என உலகெங்கும் பரவியது. 1820இல் அதே ஆற்றுக்கு வந்த பிலிப் பார்க்கர் கிங் வேறொரு சொல்லைக் கேட்டுக் குறித்தார். எனவே முன்னைய சொல்லைப் பலர் ஐயுற்றனர். 'எனக்குத் தெரியாது' என்பதே அதன் பொருள் என்னும் கதையும் வழங்கலாயிற்று. மானிடவியலாளர் ஜான் ஹேவிலண்டு 1972இல் அம்மக்களிடமே மொழியைக் கற்றபோது உண்மை தெளிந்தது. 'கங்குரு' என்பது பெரிய கங்காரு வகை ஒன்றன் பெயர்; கிங் கேட்டதோ உண்ணத்தகும் விலங்குகளுக்குரிய பொதுச்சொல். அறியாமை கேட்டவர்களுடையதாக இருக்க, அது சொன்னவர்கள்மேல் ஏற்றப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன்னும் மரமும் கரும்பும் நாடிக் குடியேற்றம் பெருகியது. 1891இல் இருப்புப்பாதை குராண்டாவை எட்டியது. பேரன் அருவியைக் காணப் பயணிகள் திரண்டனர். 1897ஆம் ஆண்டுச் சட்டமோ தொல்குடியினரைக் காப்பிடங்களுக்கு அகற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. குராண்டாப் பகுதியின் ஜாபுகாய் மக்கள் பலர் 1913 முதல் 1962 வரை இயங்கிய மோனா மோனா சமயப்பணி இல்லத்தில் வாழ நேர்ந்தது. அயலார் அருவியைக் காண வந்த காலத்திலேயே அருவிக்குரியோர் அகற்றப்பட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1987இல் குராண்டாவில் ஜாபுகாய் ஆடலரங்கு தோன்றியது. 1996இல் கெயின்ஸ் நகரையடுத்த காரவோனிகாவுக்குப் பெயர்ந்தது. பண்பாட்டைக் குறுகிய நேரக் காட்சியாகச் சுருக்குதல் முறையா என்னும் வினா இத்தகைய அரங்குகளைத் தொடர்ந்தே வந்துள்ளது. அவ்வினாவைப் புறந்தள்ளல் இயலாது. ஆயினும் அங்குப் படைப்புக் கதை ஜாபுகாய் மொழியிலேயே ஒலித்தது. பயணிகள் காதொலிக் கருவியின் வழி மொழிபெயர்ப்பைக் கேட்டனர். மொழியறியாதவர் என்னும் நிலை இம்முறை விருந்தினருக்கு உரியதாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட அவ்வரங்கு மீண்டும் திறக்கப்படாது என 2021இல் அறிவிக்கப்பட்டது. அரங்கை மட்டும் நம்பிய வாழ்வு நிலையற்றது என்பதை அது காட்டிற்று.

மாஸ்மன் பள்ளத்தாக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. முன்னர்ப் பயணிகளின் ஊர்திகள் குக்கு யலாஞ்சி மக்களின் குடியிருப்பினூடே சென்றன. 2012இல் வரவேற்பு மையம் அமைந்தபின் ஊர்திகள் வெளியே நிறுத்தப்பட்டன. அம்மக்களே புகையிட்டு வரவேற்று, காட்டின் மரங்களைத் தம் மொழிப் பெயரால் அறிமுகம் செய்து அழைத்துச் செல்லலாயினர். 2021 செப்டம்பர் 29ஆம் நாள், டெயின்ட்ரீ உள்ளிட்ட 1,60,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் கிழக்குக் குக்கு யலாஞ்சி மக்களுக்கு மீளளிக்கப்பட்டது. தேசியப் பூங்காக்களை அவர்கள் மாநில அரசுடன் இணைந்து ஆள வழி ஏற்பட்டது.

ஆமை கேட்டவர்கள் கூகு இமிதிர் மக்கள். நிலம் மீளப் பெற்றவர்கள் அவர்தம் தென்திசை அயலார். இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்டவை 251 ஆண்டுகள். பழைய வழக்கு முற்றிலும் தீர்ந்தது எனக் கூறவியலாது. எனினும், நிலமும் அதனைச் சொல்லும் மொழியும் நிலத்தார் கையில் இருக்கும்போதே பயணம் விருந்தாகும் என்பதை இவ்வரலாறு உறுதியாக உணர்த்துகிறது.